பரங்கிமலையில் தொடங்கிய கோடு

ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குத் தமிழ் மரபு தந்த விடை பெரும்பாலும் அயலைச் சார்ந்தே அமைந்தது. ஆற்றின் தென்கரை, மலையின் கீழ்பால், இன்ன நாட்டு இன்ன கூற்றத்து இன்ன ஊர் என்றே கல்வெட்டுகளும் பேசுகின்றன. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கில் வேங்கடத்தையும் தெற்கில் குமரியையும் எல்லையாகக் காட்டி நிறைவு கொள்கிறது. அறிந்தவருக்கு அது போதும். அம்மலையையும் அம்முனையையும் ஒருபோதும் காணாத ஒருவருக்கு ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுவது எப்படி? வானத்தையும் கடிகாரத்தையும் துணைகொண்டு இரண்டே எண்களில் சுட்டலாம் என்பது பழைய அறிவுதான். ஆனால் அவ்விரண்டு எண்களும் பொய்க்காதிருக்க வேண்டுமாயின், பூமியின் வடிவத்தையே முதலில் அளந்தாக வேண்டும். அவ்வாறு வாதாடி, அதற்கெனத் தம் வாழ்நாளின் இறுதி இருபது ஆண்டுகளைத் தென்னாட்டு வெயிலிலும் தக்காணத்துக் காட்டிலும் கழித்தவர் வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் வட்டாரத்தில், நார்தலர்ட்டன் என்னும் சிற்றூரை அடுத்த கிராஸ்பி கிரேஞ்சில், எளிய குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1753 என்பாரும் 1756 என்பாரும் உளர். பிற்காலத்தில் விண்மீன் ஒன்றின் உயரத்தை நுண்ணிய பின்னங்களிலும் பிழைபடாது குறித்த மனிதரின் பிறந்த நாளை ஊர்ப் பதிவேடு குறிக்கவில்லை. சார்லஸ் ஹட்டன் என்னும் புகழ்பெற்ற கணித ஆசிரியரிடம் அவர் பயின்றார். 1781இல் 33ஆம் காலாட்படைப் பிரிவில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்து அமெரிக்கா சென்றார். அவ்வாண்டே யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தது. போர்க்கைதிகளுள் லாம்ப்டனும் ஒருவர்.

போர் முடிந்த பின் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் எல்லை அளவையிலும், புதிதாகக் குடியேறியோருக்கு நிலம் பிரிக்கும் பணியிலும், படைவீரர் குடியிருப்புகளின் மேற்பார்வையிலும் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. பதவி உயர்வு இல்லை. நண்பர் கூட்டமும் மிகுதியில்லை. புத்தகங்கள் இருந்தன. பூமியின் வடிவம் பற்றி நியூட்டனுக்குப் பின் ஐரோப்பாவில் எழுந்த பெரும் விவாதத்தைப் பனி மூடிய அந்த ஊர்களில் தனியாக உட்கார்ந்து அவர் படித்து முடித்தார். சூரிய கிரகணம் ஒன்றைத் தக்க காப்பின்றி நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வை கெட்டது என்பர். எஞ்சிய ஒரு கண்ணே பின்னர் குமரி முதல் விதர்ப்பம் வரை தொலைநோக்கிக் குழலில் பதிந்திருந்தது.

படையா, குடியியல் பதவியா எனத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தபோது அவர் படையைத் தேர்ந்தார். 33ஆம் படைப்பிரிவுக்கு அப்போது தலைவராயிருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெல்லிங்டன் கோமகன் எனப்பட்டவர். கல்கத்தா வழியாக 1798இல் லாம்ப்டன் சென்னைக் கோட்டையை அடைந்தார். வயது நாற்பதைக் கடந்திருந்தது. அடுத்த ஆண்டு திப்பு சுல்தான்மீது ஆங்கிலேயர் தொடுத்த இறுதிப் போரில் தளபதி பெயர்டின் கீழ்ப் பணியாற்றினார்.

அப்போரின்போது நிகழ்ந்த ஒரு சிறு செய்தியை அவர் வரலாறு எழுதுவோர் தவறாது குறிப்பர். இரவில் ஒரு படைப்பிரிவு நடந்து சென்றது. வடக்கே செல்வதாகத் தளபதி எண்ணிக்கொண்டிருந்தார். விண்மீன்களை நோக்கிய லாம்ப்டன், படை தெற்கே திப்புவின் பாசறையை நோக்கிச் செல்கிறது என்று முன்வந்து எச்சரித்தார். தளபதி முதலில் நம்பவில்லை. தீக்கொளுத்தித் திசைகாட்டியைப் பார்த்த பின்னரே நம்பினார். வானம் தெளிந்திருக்கும்போது ஒருவன் வழி தவற வேண்டியதில்லை என்பது லாம்ப்டனுக்கு இயல்பான உண்மை. மற்றவர்களுக்கு அது கண்கட்டு வித்தையாகத் தோன்றியிருக்கும்.

திப்பு வீழ்ந்தபின் கிழக்குக் கடற்கரை முதல் மேற்குக் கடற்கரை வரை கம்பெனியின் ஆட்சி பரவிற்று. பிடித்த நாட்டை அறிந்துகொள்ள வேண்டிய அவசரம் ஆட்சியாளருக்கு இருந்தது. மைசூர் நாட்டை ஊர் ஊராக வரைபடமாக்கும் பணி காலின் மெக்கன்சியிடம் சென்றது. சுவடிகள் திரட்டியவராகத் தமிழுலகம் நன்கறிந்த அதே மெக்கன்சிதான். லாம்ப்டன் கேட்டது வேறு. ஊர்களின் படமும் வயல்களின் படமும் பிறகு வரட்டும். அவற்றைத் தாங்கும் எலும்புக்கூடு ஒன்று முதலில் வேண்டும். தீபகற்பத்தின் குறுக்கும் நெடுக்கும் சில நூறு புள்ளிகளை ஐயத்துக்கு இடமின்றி நிறுத்திவிட்டால் எந்தப் படத்தையும் அதன்மீது பொருத்தலாம் என்று அவர் விண்ணப்பித்தார். அத்துடன் பூமியின் வளைவையும் இந்நிலத்தில் அளந்துவிடலாம் என்று சேர்த்துக்கொண்டார். விண்ணப்பத்தில் பின்னால் நின்ற அவ்விரண்டாம் செய்திதான் அவர் உள்ளத்தில் முன்னால் நின்றது. வெல்லெஸ்லியின் துணையும் சென்னை ஆளுநர் கிளைவின் இசைவும் கிடைத்தன. நிலத்தைப் பிடித்தவர்களின் பணம் இல்லாமல் இப்பணி நடந்திராது என்பதையும், வரியும் படைவழியுமே அப்பணத்தின் நோக்கம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இடத்தைச் சுட்டும் இரு எண்களைப் பற்றி இங்கே சிறிது விரிவாகக் கூறுதல் தகும்.

முதலாவது அட்சரேகை. நிலநடுக்கோட்டிலிருந்து ஓரிடம் எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே உள்ளது என்பதை அது காட்டும். இதை வானம் நேரடியாகவே சொல்லிவிடும். துருவ விண்மீன் குமரியில் தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 8 பாகை உயரத்தில் நிற்கிறது, சென்னையில் 13, தில்லியில் 28க்கும் சற்று மேல். உயரத்தை அளந்தால் அட்சம் கிடைத்துவிடும். இரண்டாவது தீர்க்கரேகை. கிழக்கு மேற்காக ஓரிடம் எங்குள்ளது என்பதைக் காட்டும் இவ்வெண் காலத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், இரண்டு ஊர்களின் உச்சிப்பொழுதுகளுக்கு இடையே உள்ள நேர வேறுபாடு தெரிந்தால் தீர்க்க வேறுபாடு தெரிந்துவிடும். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது மனிதரின் உடன்பாடு. இந்திய வானநூலார் இலங்கையையும் உச்சயினியையும் இணைக்கும் கோட்டிலிருந்து எண்ணினர்; ஆங்கிலேயர் கிரீனிச்சிலிருந்து எண்ணினர்.

சென்னைக்கு அந்த எண்ணைத் தேடித் தந்தது நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடம். 1792இல் நிறுவப்பட்ட அதன் கற்றூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. வியாழனின் துணைக்கோள்கள் அக்கோளின் நிழலில் மறையும் நேரத்தை அங்கே கோல்டிங்காம் ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார். அதே மறைவு கிரீனிச்சில் எந்நேரத்தில் காணப்பட்டது என்பதோடு ஒப்பிட்டுச் சென்னையின் தீர்க்கம் கணிக்கப்பட்டது. லாம்ப்டன் தம் கணக்கு முழுவதையும் அந்தக் கற்றூணில்தான் கட்டித் தொங்கவிட்டார்.

வானமே சொல்லிவிடும் என்றால் நிலத்தில் அளப்பது எதற்கு? கம்பெனியின் முன்னாள் நில அளவைத் தலைவரும் வரைபட வல்லுநருமான ரென்னல் இலண்டனிலிருந்து இதே வினாவைத் தொடுத்தார். வானநோக்கினால் ஆங்காங்கே நிறுத்திய புள்ளிகளே போதும், இவ்வளவு செலவு வீண் என்பது அவர் கருத்து. அரச வானியலாளர் மஸ்கெலின் லாம்ப்டனின் பக்கம் நின்று அந்த எதிர்ப்பைத் தணித்தார். சென்னையிலோ நிதிக்குழு உறுப்பினர் ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புபவர் பல்லக்குத் தூக்குவோரின் தலைவனிடம் சொன்னால் போதும், லாம்ப்டனின் படம் இல்லாமலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான் என்று கூறினார். அந்த ஏளனத்தில் உண்மை இல்லாமலில்லை. பல்லக்குத் தூக்குவோன் அறிந்த வழியும் ஓர் அறிவுதான். அவன் அறிந்த வழியை அவனோடு நடவாத ஒருவர் அறிய முடியாது என்பதே குறை.

லாம்ப்டனின் விடை பூமியின் உடலிலேயே இருந்தது. பூமி சரியான உருண்டையன்று. நடுவில் பருத்துத் துருவங்களில் அமுங்கியிருப்பது. ஆகவே ஒரு பாகை அட்சத்துக்கு உரிய தரைத் தொலைவு எங்கும் ஒன்றாக இல்லை. நிலநடுக்கோட்டருகே அது ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7. வேறுபாடு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு தாலுகாவின் படத்துக்கு இது பொருட்டில்லை. பத்துப் பாகை நீண்ட நாட்டின் படத்தில் இது மைல்கணக்கான பிழையாகிவிடும். வானத்தில் எண்ணிய பாகையைத் தரையில் நடந்த தொலைவாக மாற்றும் நம்பகமான விகிதம் இந்த வெப்பமண்டலத்துக்கு அன்றுவரை இல்லை. அந்த விகிதத்தைக் காண ஒரே வழி, வடக்குத் தெற்காக ஒரு நீண்ட கோட்டைத் தரையில் அளந்து, அதன் இரு முனைகளிலும் வானத்தை அளந்து, இரண்டையும் ஒப்பிடுவதுதான்.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையின் அடியில் அப்பணி தொடங்கிற்று. அந்நாளே இன்று இந்தியாவில் தேசிய நில அளவை நாளாகக் கொண்டாடப்படுகிறது. மலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு. ஒரு கோட்டை மட்டும் தரையில் உண்மையாக அளந்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள மூன்றாவது புள்ளியைப் பார்க்கும் கோணங்களைக் கொண்டு முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே பெறலாம். அப்பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடியாகும். இப்படி மலையிலிருந்து மலைக்குத் தாவிச் செல்லலாம். முதற்கோட்டில் நேரும் பிழையும் அவ்வாறே தாவும். ஆதலால்தான் ஏழரை மைலுக்கு ஆறு வாரங்கள் பிடித்தன.

அளந்த சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. இலண்டனில் ராம்ஸ்டன் செய்த நூறடி எஃகுச் சங்கிலி அது. சீனப் பேரரசருக்குப் பரிசாக மக்கார்ட்னி தூதுக்குழு எடுத்துச்சென்ற பொருள்களுள் ஒன்று. பேரரசருக்கு அதில் நாட்டமில்லை. குழுவில் இருந்த டின்விடி என்னும் அறிவியலாளர் வழியாக அது கல்கத்தா வந்து, பின் லாம்ப்டன் கைக்கு வந்தது. பீக்கிங்கில் ஒருவரும் விரும்பாத சங்கிலி, கோடைக்காலத்தில் பரங்கிமலைச் சமவெளியில் முக்காலிகளின்மேல் வைத்த மரப்பெட்டிகளில் படுத்து ஊர்ந்தது. வெயிலில் எஃகு நீளும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினால் நூறடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும். நானூறு முறை கிடத்தினால் பிழை நாலரை அடியாகப் பெருகும். எனவே பெட்டிதோறும் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு கிடத்தலுக்கும் சூட்டைக் குறித்துத் திருத்தம் செய்தனர். முடிவில் கிடைத்த நீளம் 40,006 அடியும் சிறிதும்.

கோணம் அளக்கும் பெருங்கருவி அப்போதும் வந்து சேரவில்லை. வில்லியம் கேரி செய்த அந்தத் தியோடலைட்டு அரை டன் எடை. அதன் கிடைவட்டம் மூன்றடி விட்டம். கருவியை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியில் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோயினர். இன்ன பணிக்குரிய கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த ஆளுநர் அதை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். போரில் மூழ்கியிருந்த இரு நாடுகளிடையே இத்தகைய பண்பும் அன்று இருந்தது.

முதலில் கடலூர்ப் பக்கம் வரை கடற்கரையோரமாக ஒரு சிறு வில்லை அளந்தபின், லாம்ப்டன் மேற்கே திரும்பினார். 1804இல் பெங்களூர் அருகே சரிபார்ப்புக்காக இன்னோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் தரையில் நேரே அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்குள் அடங்கிற்று. அங்கிருந்து குடகு மலைகளையும், சங்கப் புலவர் நன்னனோடு சேர்த்துப் பாடிய ஏழில்மலையையும் முக்கோணங்களின் உச்சிகளாகக் கொண்டு மேற்குக் கடலை எட்டினார். சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே பழைய படங்கள் 400 மைல் காட்டின. லாம்ப்டன் கண்டது 360. கம்பெனியின் நாட்டில் நாற்பது மைல் நிலம் இல்லாமற் போயிற்று. நிதிக்குழுவினர் அதன் பின்னர் பல்லக்குத் தூக்குவோரைப் பற்றிப் பேசியதாகச் செய்தி இல்லை.

பெங்களூர் அடிக்கோட்டை அளந்தவர் லாம்ப்டனின் உதவியாளர் ஜான் வாரன். அவரைப் பற்றி ஒரு சொல். ஐரிஷ் வழிவந்த பிரெஞ்சுக் குடும்பத்தினரான வாரன் பின்னர் நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். தென்னாட்டுப் பஞ்சாங்கக் கணிதத்தை ஆராய்ந்து 1825இல் காலசங்கலிதம் என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்க் கணியர் ஒருவர், எழுதுகோலும் ஏடும் இன்றி, சோழிகளைத் தரையில் பரப்பி, எண்களை உள்ளடக்கிய சொற்றொடர்களை நினைவிலிருந்து கூறியபடியே சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததை நேரில் கண்டு அந்நூலில் பதிந்தார். எண்ணைச் சொல்லாக்கி, சொல்லை ஓசையாக்கி, தலைமுறைகளுக்குக் கடத்திய அம்முறையைப் பிற்கால அறிவியல் வரலாற்றாசிரியர்கள் வியந்து ஆராய்ந்தனர். அடிக்கோடு அளந்த கையே அதையும் எழுதி வைத்தது என்பது மகிழ்ச்சிக்குரியது.

குமரியிலிருந்து வடக்கே செல்லும் நெடுங்கோடு 78ஆம் தீர்க்கரேகைக்குச் சற்று மேற்கே அமைந்தது. கோயமுத்தூர்ப் பகுதியில் அடிக்கோடு ஒன்றை அளந்துவிட்டு, 1808இல் லாம்ப்டன் காவிரிச் சமவெளிக்கு வந்தார். மலைநாட்டில் எளிதாயிருந்த பணி இங்கே திகைத்தது. குன்றுகள் இல்லை, தென்னந்தோப்புகள் பார்வையை மறைத்தன. உயரமாக நின்றவை கோயில்களே. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இருநூறு அடிக்கு மேல் உயர்ந்தது. அதன்மேல் தியோடலைட்டை ஏற்ற முற்பட்டனர். கயிறு ஒன்று அறுந்தது. அரை டன் கருவி ஊசலாடிச் சுவரில் மோதிற்று. வட்டத்தின் விளிம்பு நெளிந்து, ஆரங்கள் வளைந்தன.

அந்தச் சுவர்களைப் பற்றி ஒன்று நினைவு கூரத்தக்கது. இராசராசன் தன் நாட்டு நிலங்களை அளப்பித்தவன். அந்த அளவையில் கண்ட வேலி, மா, காணி, முந்திரி, அதற்கும் கீழான பின்னங்கள் இக்கோயிற் கல்வெட்டுகளில் நிறைந்துள்ளன. வயலின் பரப்பை நம்பமுடியாத நுட்பத்தோடு கூறும் அக்கணக்கு, அவ்வயல் பூவுலகில் எங்குள்ளது என்று கூற முற்படுவதில்லை; நான்கு எல்லையைச் சொன்னால் போதும் என்று விட்டுவிடுகிறது. வரிக்கு அது போதும். எட்டு நூற்றாண்டு இடைவெளியில் இரு அளவைகளும் ஒரே சுவரில் மோதிக்கொண்டன. இரண்டின் பின்னும் அரசும் வரியும் இருந்தன என்பதில் வேறுபாடு இல்லை.

கருவி போயிற்று, பணியும் போயிற்று என்றே உடனிருந்தவர் எண்ணினர். இங்கிலாந்திலிருந்து புதிது வர ஆண்டுகள் ஆகும். லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். தலைமைக் கம்மியர்களைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. பெரிய பலகை ஒன்றில் வட்டம் இருக்க வேண்டிய அளவைத் துல்லியமாக வெட்டி, நெளிந்த விளிம்பை ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் சிறிது சிறிதாக இழுத்து அவ்வட்டத்தில் பொருந்தச் செய்தார். வளைந்த ஆரங்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டி நேராக்கினார். ஆறு வாரங்களில் கருவி ஏறத்தாழப் பழைய வடிவை அடைந்தது. அதைக்கொண்டே பின்னும் பல ஆண்டுகள் பணி நடந்தது. அந்தக் கம்மியர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. சங்கிலி சுமந்தோர், கொடி நட்டோர், காடு வெட்டி வழி செய்தோர் ஆகிய நூற்றுக்கணக்கானோரின் பெயர்களும் அவ்வாறே.

ஊர் மக்கள் அவர்களை ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. குன்றின்மேல் ஏறி நின்று குழலின் வழியே பார்ப்பவன் அந்தப்புரத்துப் பெண்களைப் பார்க்கிறான், அதுவும் தலைகீழாகப் பார்க்கிறான் என்று பேச்சு எழுந்தது. அக்காலத் தொலைநோக்கி பொருளைத் தலைகீழாகக் காட்டுவது உண்மை. படை வருமுன் அளவைக்காரன் வருவான் என்று சிற்றரசர் அஞ்சியதோ அனுபவத்தில் பிறந்த அச்சம்.

1809இல் குமரி முனைக்கு அருகில், 8 பாகை 9 கலை வட அட்சத்தில், தென்கோடி நிலையம் நிறுவப்பட்டது. அதன்பின் கோடு வடக்கு நோக்கி வளர்ந்தது. 1811இல் கூத்தி, 1815இல் பீதர். பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைந்த அந்த வில்லின் முடிவுகள் 1818இல் இலண்டன் ராயல் கழகத்தின் ஏட்டில் வெளியாயின. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே இவ்வளவு நீண்ட வில்லை அதற்குமுன் யாரும் அளந்ததில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பிரெஞ்சு அறிவியல் கழகமும் தொடர்பு உறுப்பினர் ஆக்கியது. சென்னை அரசோ பல ஆண்டுகளாகச் செலவுக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தது. 1818 முதல் பணி கவர்னர் ஜெனரலின் நேரடிப் பொறுப்புக்கு மாறி, மாபெரும் முக்கோண அளவை என்னும் பெயர் பெற்றது.

அவ்வாண்டில்தான் உதவியாளராக ஜார்ஜ் எவரெஸ்ட் அமர்த்தப்பட்டார். இளைஞர், கூர்மையும் கடுமையும் மிக்கவர். மறு ஆண்டு கோதாவரிப் பக்கத்துக் காட்டில் அவரும் அவர் குழுவினரும் காய்ச்சலில் வீழ்ந்து, பலர் இறந்தனர். எவரெஸ்டு கண்ட லாம்ப்டன் அறுபதைக் கடந்தவர்; உயரமானவர்; பேச்சு குறைந்தவர்; தம்மைப் பற்றி எழுதி வைக்கும் பழக்கம் இல்லாதவர். தளர்ந்த அந்த உடல் தியோடலைட்டின் முன் நிமிர்ந்து நின்றபோது வேறொருவராக மாறியதை அவ்விளைஞர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1822இல் ஹைதராபாத்தில் ஹாவெல் என்னும் ஓவியர் தீட்டிய படம் ஒன்றே லாம்ப்டனின் முகத்தைக் காட்டுகிறது.

அதே ஆண்டு எல்லிச்பூருக்கு அருகே 21 பாகை 6 கலை அட்சத்தில் அவருடைய கடைசி அடிக்கோடு முடிந்தது. குமரியிலிருந்து ஏறத்தாழ 13 பாகை. முக்கோணங்களால் மூடப்பட்ட பரப்பு 1,65,000 சதுர மைலுக்கு மேல். அளவையின் தலைமையிடத்தை நாகபுரிக்கு மாற்றும் பொருட்டு ஹைதராபாத்திலிருந்து புறப்பட்டபோது கடும் இருமல் அவரை வாட்டியது. 1823 ஜனவரி 20 அன்று வழியில் ஹிங்கன்காட் என்னும் ஊரில் இறந்தார்.

கோட்டை எவரெஸ்ட் தொடர்ந்து 1841க்குள் இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசென்றார். ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். தேய்ந்த சங்கிலியின் அளவுகளில் நம்பிக்கை இல்லாமல் லாம்ப்டனின் வடபகுதியை மீண்டும் அளந்தார். தென்பகுதியைப் பின்வந்தவர்கள் அளந்தனர். குமரியருகே 1860களின் இறுதியில் புதிய அடிக்கோடு இடப்பட்டது. தம் பிழையைத் தாமே தேடிக்கொண்டிருந்த மனிதருக்கு இது அவமதிப்பாகாது. எஞ்சிய பெருமை பெயரில் தவறிப்போயிற்று. லாம்ப்டன் தொடங்கிய முக்கோணங்களின் வழியே கணக்கிடப்பட்ட உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1865இல் எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. அச்சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவராகக் கூறப்படும் வங்காளியர் ராதாநாத் சிக்தரின் பெயரும் நெடுங்காலம் பேசப்படவில்லை. லாம்ப்டனுக்குப் பரங்கிமலையில் மார்பளவுச் சிலை எழுந்தது அடிக்கோட்டின் இருநூறாம் ஆண்டை ஒட்டியே.

இரு வில்களின் அளவுகளையும் சேர்த்து எவரெஸ்ட் 1830இல் வகுத்த பூமி வடிவமே இந்திய வரைபடங்களுக்கு அடிப்படையாயிற்று. 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்குரிய படங்களைச் செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் உலகப் பொதுவடிவத்துக்கு மாற்றியது. அதுவரை இந்த நாட்டின் ஊர்கள் லாம்ப்டன் பங்குகொண்டு அளந்த பூமியின்மீதே நின்றன. அதன்பின் கையடக்கக் கருவிகளில் வந்துவிட்ட அட்சமும் தீர்க்கமும், விண்ணில் சுற்றும் கடிகாரங்களின் நேரத்தைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. தீர்க்கம் காலத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்பது இன்னும் மாறவில்லை.

அந்த ஒளிப்பிடத்தில்தான் பழைய அளவையின் ஒரு குறையும் இருந்தது. முக்கோணங்கள் தமக்குள் அங்குலக் கணக்கில் பொருந்தின. அவை கட்டப்பட்டிருந்த நுங்கம்பாக்கத்தின் தீர்க்கம் 80 பாகை 17 கலை 21 விகலை என நெடுங்காலம் கொள்ளப்பட்டது. தந்திக் கம்பி வழியே நேரத்தை நொடிப்பொழுதில் ஒப்பிட முடிந்தபின், அது 80 பாகை 14 கலை 54 விகலை எனத் தெரிந்தது. காலத்தில் பத்து நொடிக்கும் குறைந்த பிழை. தரையில் நான்கு கிலோமீட்டருக்கும் மேல். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் இடையே ஒரு பிழையும் இல்லாமல், இந்தியா முழுவதும் சேர்ந்து கிழக்கே நகர்ந்து நின்றது. பழைய நில அளவைப் படங்களின் ஓரத்தில், தீர்க்கத்தில் 2 கலை 27 விகலை கழித்துக்கொள்க என்ற குறிப்பு நெடுநாள் அச்சிடப்பட்டு வந்தது.

அந்தக் கற்றூண் நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் நிற்கிறது. லாம்ப்டனின் கல்லறை ஹிங்கன்காட்டில், அவர் வரைந்த கோட்டிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது.